யூஎஸ்பி ஒயரை அறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிச்சி தெருவில் 16 வருடமாக செல்போன் சர்வீஸ் செய்கிறேன். போன வாரம் பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா, காலமான கணவரின் போனைக் கொண்டுவந்தார். ஒரு வருடமாக பீரோவில் கிடந்ததாம். சார்ஜர் போட்டும் அசையவில்லை. "அவர் குரல் இதுலதான்ப்பா இருக்கு" என்றார்.

பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தேன்: 2.6 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போன் எழுந்திருக்காது. நல்லவேளை, பேட்டரி உப்பவில்லை. வோல்ட்டையும் கரண்ட்டையும் நாமே அளவாக வைக்கும் பவர் சப்ளை கருவியில் 4.2 வோல்ட்டைத் தாண்டாதபடி வைத்து, 100 மில்லி ஆம்பியர் கரண்ட் மட்டும் விட்டேன். சூடேறுகிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 3.4 வந்ததும் மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் பதிவுகளையெல்லாம் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். புது பேட்டரியும் போட்டாயிற்று. அந்தப் பழசை இனி நம்ப முடியாது.

இதையே சில பிள்ளைகள் வீட்டில் யூஎஸ்பி ஒயரை அறுத்து, பேட்டரி முனையில் நேராக வைக்கிறார்கள். அதில் வருவது 5 வோல்ட். லித்தியம் பேட்டரி தாங்காது, தீப்பிடிக்கும். தயவுசெய்து பெற்றோர் தடுங்கள். உப்பிய பேட்டரிக்கு நாங்களே கரண்ட் கொடுப்பதில்லை.

– ஒரு செல்போன் மெக்கானிக், சென்னை-2