"பூச்சி குறைஞ்சா நல்லதுதானே?" என்று கேட்டவர்களுக்கு

வனப்பரப்பைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் சென்னையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எனக்கு 3 நிமிடம் கொடுத்தீர்கள். ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைக் காட்டோடு சேர்த்து எண்ணாதீர்கள், அங்கே பூச்சி வகைகள் குறைந்துபோகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே மேடையிலிருந்த ஒருவர், "பூச்சி குறைஞ்சா நல்லதுதானே சார்?" என்று குறுக்கே கேட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். வழக்கம்போலப் பதில் எனக்கு மின்சார ரயிலில், மீனம்பாக்கம் தாண்டிய பிறகுதான் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

வனப்பரப்புக்கான உங்கள் வரையறை உங்களுக்குத் தெரியாததல்ல. 1 ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் 10 சதவீதத்துக்கு மேல் மர விதானம், அதாவது மரத்தலைகளின் நிழற்கூரை. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. ரப்பரும் காடு, தென்னந்தோப்பும் காடு, எண்ணெய்ப்பனையும் காடு. உள்ளே வகைவாரி அட்டவணை இருக்கிறதே என்பீர்கள். செய்தித்தாளில் வருவது மொத்த வனப்பரப்பு என்ற தலைப்பு எண்தான். அந்தத் தலைப்பு எண்ணில் இயற்கைக் காட்டுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் போடுங்கள். என் கோரிக்கை இவ்வளவே.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறைப் பக்கம் மரத்தலைப் பூச்சிகளைச் சேகரித்தோம். கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, கம்பால் தட்டி, விழுவதைச் சாராயக் குப்பியில் போடுகிற வேலை. காட்டுக்குள் போக அனுமதி வாங்குவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. குப்பிக்கு எத்தில் ஆல்கஹால் வாங்க உரிமம் வேண்டுமென்று தனியாக ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். தெருமுனைக் கடையில் பகல் 12 மணிக்குத் திறந்து யாருக்கு வேண்டுமானாலும் ஊற்றுகிறார்கள். செத்த வண்டு குடிப்பதற்கு மட்டும் ஏழு கையெழுத்து. சரி, அது வேறு துறை, அதை விடுங்கள்.

இரண்டு வெள்ளைத் தட்டு. ஒன்றில் காட்டு மரத்திலிருந்து விழுந்தவை, மற்றதில் ரப்பர் மரத்திலிருந்து விழுந்தவை. ரப்பர் தட்டைப் பிரித்து முடித்தபோது பக்கத்திலிருந்த காபி ஆறியிருக்கவில்லை. ஒரே சாதி எறும்பு, சில சிலந்தி, இரண்டு மூன்று வகைத் தத்துப்பூச்சி, அவ்வளவுதான். காட்டுத் தட்டில் ஒரே ஒரு மரத்துச் சரக்கோடு வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். அதில் என்னை நிறுத்தி வைத்தவை ஒட்டுண்ணிக் குளவிகள். ரவையில் பாதிகூட இருக்காது. நுண்ணோக்கியில் வைத்தால் பச்சையும் செம்புமாக மின்னும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புழுவுக்குள்ளோ முட்டைக்குள்ளோ தன் முட்டையை வைத்து அதைத் தீர்த்துக் கட்டுகிற ஜீவன். ரப்பர் தட்டில் அதைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

மேடையில் கேட்டவருக்கு இதுதான் பதில். காட்டில் நூறு வகை மரம் என்றால், அந்தந்த இலையைத் தின்னத் தனித்தனிப் புழு, அந்தப் புழுவைக் கொல்லத் தனித்தனிக் குளவி. கிளையில் தொற்றி வளரும் பெரணியில் சேர்ந்த இலைமக்குக்குள் தனியாக ஒரு குடித்தனமே நடக்கும். பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் என்ற ஒரே மரத்தை மலை முழுக்க நட்டால் முதலில் போவது பயிரைத் தின்கிற பூச்சி இல்லை ஐயா. அதைத் தின்கிற பூச்சி. எஞ்சுவது எதையும் தின்று பிழைக்கிற ரகம். 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் கரந்தமலைப் பக்கம் ஆடுமாடுகளைப் படாதபாடு படுத்திய மஞ்சள் பைத்திய எறும்பு நினைவிருக்கும். போர்னியோ தீவின் சபா மாநில எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கொடி கட்டிப் பறப்பதும் அதே எறும்புதான்.

இதெல்லாம் என் தட்டை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் ஜாம்பி மாகாணத்தில் மழைக்காட்டுச் சருகையும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சருகையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. சருகுக்குள் வாழும் உயிரினங்களின் வகை 45 சதவீதமாவது குறைந்திருந்தது. அந்த உணவு வலைக்குள் கைமாறும் ஆற்றல் 51 சதவீதம் வரை சரிந்திருந்தது. அதே ஜாம்பியில் மரத்தலைக்குப் பூச்சிமருந்துப் புகையடித்து, விழுந்ததை எண்ணியும் பார்த்துவிட்டார்கள். மேலேயும் அதே கதைதான். பனாமாவில் 1982-க்கு முன்பே ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் புகையடித்து சுமார் 1,200 வகை வண்டுகளை எடுத்தார் பூச்சியியல் அறிஞர் டெர்ரி எர்வின். உங்கள் செயற்கைக்கோளுக்கு அந்த மரமும் பச்சை, கீரிப்பாறை ரப்பரும் பச்சை.

ரப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குமரியில் எத்தனையோ அடுப்பு பால்வெட்டில்தான் எரிகிறது. என் வீட்டு அப்பளமும் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயிலில்தான் பொரிகிறது. தோட்டத்தைத் தோட்டம் என்று எழுதுங்கள் என்கிறேன். மத்திய அரசின் 11,040 கோடி ரூபாய் எண்ணெய்ப்பனைத் திட்டம் 2021-இல் வந்தபோது வடகிழக்கையும் அந்தமானையும்தான் முன்னால் வைத்தார்கள். நாளைக்கு அந்தக் கன்றுகள் தலையெடுத்ததும் "வனப்பரப்பு உயர்வு" என்று நீங்களே மாலை போட்டுக்கொள்ளக் கூடாதில்லையா?

கீரிப்பாறையில் பால்வெட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் இங்கே பூச்சியே இல்லையே என்றேன். ரப்பர் பால் பிடிக்கும், மழைத்தண்ணீர் நின்ற சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினார். "யாரு சொன்னா சாறே? கொசு உண்டே!"

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கையிலாவது அந்த இரண்டு கட்டத்தைப் பிரித்துப் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குப்பிகள் இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. உங்களில் யார் வந்தாலும் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ரப்பர் தட்டுக்கு 3 நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன்,
குரோம்பேட்டை, சென்னை