ஹோயிலும் வைன்பெர்க்கும்

ஆசிரியருக்கு, வணக்கம். பிரபஞ்சத்தின் விதிகள் உயிர் தோன்றுவதற்கேற்ப அமைந்திருப்பதே கடவுளுக்கு அறிவியல் தரும் சான்று என்ற ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். நான் தினமும் சாமி கும்பிடுகிறவன், ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. கார்பன் அணுக்கருவில் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அருகே ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு அடிப்படையான கார்பன் விண்மீன்களில் இவ்வளவு உருவாகியிருக்காது என்று பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹோயில் 1953-ல் கணித்தார், ஆய்வகத்தில் அது அப்படியே கிடைத்தது. பின்னாளில் அவர் இதன் பின்னே ஒரு பேரறிவைக் கண்டார். சரி. ஆனால் பிரபஞ்ச மாறிலி, அதாவது பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் எண், அளவுக்கு மேல் போனால் விண்மீன் திரள்களே உருவாகாது என்று 1987-ல் காட்டிய அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் கடைசிவரை நாத்திகர். கணக்கு இங்கே இரண்டு பக்கமும் இழுக்கிறது, அதைச் சான்று என்பது தவறு.

செங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன், ஆரியங்காவிலிருந்தும் வருகிறார்கள். ஒரு மாணவி உங்கள் கட்டுரையை வெட்டி அணுக்கரு இயற்பியல் நோட்டில் ஒட்டி, 'நிரூபிக்கப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். நாளை வேறொரு விளக்கம் வந்தால் அவள் பக்தி என்னாவது? அடுத்த முறை இயற்பியலாளர் ஒருவரின் விளக்கத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர், செங்கோட்டை