பாட்டுப் புத்தகமும் பிலிம் டப்பாவும் கேசட்டும் தந்தவர்களுக்கு நன்றி

சேலம், ஏற்காடு வட்டார நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டுடியோ காலத்திலிருந்து டிவி சீரியல் காலம் வரை இயக்குநரின் தொழில் எப்படி மாறிவந்தது என்று காட்டிய எங்கள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பரணிலிருந்தும் பீரோவிலிருந்தும் பழைய பொருட்களை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் சொல்கிறோம். உங்கள் பொருள் எதற்குப் பயன்பட்டது, இனி அதை எப்படி வைத்திருந்தால் கெடாது என்பதையும் கூடவே எழுதுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் கொடுத்த பாட்டுப் புத்தகக் கட்டு (படத்தின் பாடல்களை அச்சிட்டுத் தியேட்டரில் விற்ற சிறு புத்தகங்கள்) இல்லாமல் முதல் அறையே கிடையாது. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரம் தயாரித்தது எது, இயக்கியது எது என்பதில் ஊருக்குள்ளேயே குழப்பம் உண்டு. முதலாளி பெயர் பெரிய எழுத்தில் இருந்தால் இயக்கமும் அவரே என்று எழுதிவிடுகிறார்கள். ‘உத்தம புத்திரன்’ (1940), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) ஆகியவை அவர் இயக்கியவைதான். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அவர் தயாரித்தது, இயக்கியவர் எஸ்.நொட்டானி. ‘மந்திரி குமாரி’ (1950) எல்லிஸ் ஆர்.டங்கன், சுந்தரம் இருவர் பெயரிலும் இருக்கிறது.

இப்படிப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் இயக்கியது என்பதற்குப் படத்தின் டைட்டில் கார்டுதான் முதல் சாட்சி. அது கிடைக்காவிட்டால் பாட்டுப் புத்தகத்தின் உள்பக்கம், அடுத்தது அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரம். போஸ்டர் கடைசிதான், விற்கிற பெயர்தான் அதில் பெரிதாக இருக்கும். படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழ் நீளத்துக்கும் தேதிக்கும் உதவும். ஆனால் டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்கு வெளியான படத்துக்குச் சான்றிதழில் ஓர் ஆண்டு முன்னதாக இருக்கும். பாதிப் பட்டியல்கள் தப்பாக இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

பெரியவரின் புத்தகங்கள் மட்டமான காகிதம். ஓரம் பழுத்து, தொட்டாலே உதிர்கிறது. கெடுப்பது முக்கியமாகத் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்தான். அதைக் கையால் இழுக்காமல், பின்பக்கக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்திருக்கிறோம். அந்த இடத்தில் வெள்ளைப் பருத்தி நூல் கட்டியிருக்கிறது, மறுபடி ஸ்டேப்ளர் போட வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அம்மாப்பேட்டையிலிருந்து வந்த அருமையான போஸ்டர் ஒன்றை யாரோ அக்கறையோடு லேமினேஷன் செய்திருந்தார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் சேதமாகாமல் பிரிக்கிற வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மற்ற போஸ்டர்களை 4 அங்குல பிவிசி குழாயின் மேல் அமிலமில்லாத தாள் சுற்றி, அதன் மேல் சுருட்டித் தருகிறோம். குழாய்க்குள் திணித்தால் எடுக்கும்போது ஓரம் கிழியும்.

சேலம் குகைப் பகுதியைச் சேர்ந்த முன்னாள் தியேட்டர் ஆபரேட்டருக்குத் தனி நன்றி. 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம், மூன்று மணி நேரப் படத்துக்குப் பதினாறு பதினேழு ரீல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்ணிக் காட்டினார். ரீலுக்கு ரீல் மாற்றுகிற குறி திரையின் வலது மேல் மூலையில் வருவதையும் அவர் காட்டித்தான் பலர் முதல்முறை பார்த்தார்கள். அவர் தந்த டப்பாக்களில் ஒன்றைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அப்படித்தான். அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். அதனால் ஐயா, அந்த டப்பாவை மட்டும் தனி அறையில் வையுங்கள், துருப்பிடித்த தகர டப்பாவுக்குப் பதில் நாங்கள் தந்த காற்றுப் புகும் பிளாஸ்டிக் டப்பாவிலேயே இருக்கட்டும். மாடி அறைச் சூடு அதற்கு எமன். 1950க்கு முந்தைய பிலிம் யாரிடமாவது இருந்தால் புரொஜெக்டரில் ஏற்றிப் பார்க்காதீர்கள். பழைய நைட்ரேட் வகை பிலிமாக இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

அடுத்து ஏற்காட்டு எஸ்டேட் குடும்பங்கள் அனுப்பிய விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள். தூர்தர்ஷனின் 13 வார நாடகங்கள், 1993க்குப் பிறகு வந்த தனியார் சேனல் தொடர்கள் எல்லாம் வீட்டிலேயே ரெக்கார்டு செய்தவை. மலையின் ஈரத்தில் பல கேசட்டுகளில் பூசணம். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளைப் பொடி மாதிரி தெரியும். தெரிந்தால் பிளேயரில் போடக் கூடாது. ஒரு கேசட்டின் பூசணம் பிளேயரின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகம்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், டேப்பும் அறுந்துபோகும்.

குளிர்ந்த கேசட்டை மலையிலிருந்து இறக்கிச் சேலத்தில் உடனே திறந்தால் டேப்பின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். மூடிய பெட்டியிலேயே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் பூசணம் பொடியாகும்வரை உலர்த்தினோம். அதன்பின் முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் வெளியில்தான் தட்ட வேண்டும். பழைய வீடியோ கடைக்காரர் ஒருவர் ஓட்டை பிளேயர் ஒன்றை அசுத்த டேப்புகளுக்கென்றே ஒதுக்கித் தந்து, ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடைத்தார். அவர் பொறுமைக்கு ஈடே கிடையாது. மூன்று மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை.

சீரியலில் இயக்குநர் பெயரைக் கண்டுபிடிப்பது சினிமாவைவிடச் சிக்கல். டைட்டில் பாட்டை ஒரு தடவை வெட்டி மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். நடுவில் இயக்குநர் மாறினாலும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கும். எபிசோட் முடிவில் வரும் பெயர்களை நம்பலாம் என்றால், வீட்டுக்காரர்கள் அதற்குள் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். விளம்பரத்தை வெட்டாமல் விட்ட வீட்டார் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள்: தீபாவளித் துணிக்கடை விளம்பரம் வந்தால் மாதம் தெரிந்துவிடும். தயவுசெய்து டிஜிட்டல் பிரதியிலும் விளம்பரத்தை வெட்டாதீர்கள்.

சூரமங்கலத்திலிருந்து வந்த இணை இயக்குநர், ஒரே வசனக் காட்சியை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். சினிமா முறையில் ஒற்றைக் கேமரா: மாஸ்டர் (முழுக் காட்சியும் ஒரே ஷாட்டில்), இரண்டு பக்கமும் சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டுவது), பிறகு குளோஸ் (முகத்துக்கு நெருக்கமாக), ஒவ்வொன்றுக்கும் லைட் மாற்றம். சீரியல் முறையில் இரண்டு மூன்று கேமரா, எல்லாக் கோணத்துக்கும் பொதுவாக ஒரே லைட்டிங், பக்கத்தில் உதவி இயக்குநரின் பிராம்ப்டிங் (வசனம் எடுத்துக்கொடுப்பது). நாளுக்கு 2, 3 நிமிடக் காட்சி எடுத்துப் பழகிய இயக்குநர் தினசரித் தொடருக்குப் போனால் ஓர் எபிசோட், சுமார் 20 நிமிடம் எடுத்தாக வேண்டும். முதலில் அவர் கைவிடுவது கேமரா நகர்வைத்தான் என்றார். கேமரா நகர ட்ராக் (தண்டவாளம்) போட்டுச் சமன் பார்ப்பதற்குள் ஒரு காட்சியே முடிந்துவிடும். பார்த்தவர்கள் அதிகம் கேள்வி கேட்டது இந்தப் பகுதியில்தான்.

மண்டபம், மேஜை, மின்சாரம், டீ கொடுத்தவர்களுக்கும் நன்றி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்த அம்மாவுக்கும்தான், வெயில் பட்டிருந்தால் போஸ்டர் வெளுத்திருக்கும்.

பொருட்களைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் நாங்கள் கொடுத்த ரசீதைக் கொண்டுவாருங்கள். வாங்கும்போது எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தருவோம். ஏற்காட்டுக் கேசட்டுகளை மழை விட்ட ஒரு நாளில் நாங்களே மேலே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் பொட்டலத்தைப் பிரித்து, மணிகளை மட்டும் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர்,
அஸ்தம்பட்டி, சேலம்