பிளாஸ்டிக் கலந்த உள்சாலை: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்கு,

நம் குடியிருப்பின் 200 மீட்டர் உள்சாலை முடிந்துவிட்டது. ஓரக்கல், வாட்டம், வேகத்தடை எல்லாம் திட்டப்படி. அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை பிளாஸ்டிக்கில்தான். “வீடு வீடாக மூட்டை வாங்கினார்களே, காயலான் கடைக்கா போனது?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு. வீணாகும் பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலையில் சேர்ப்பது, நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 3.75 மீட்டர் அகலச் சாலைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டன் தார் பிடிக்கும். அதில் ஒரு டன்னுக்குப் பதிலாகத்தான் பிளாஸ்டிக். நம் சாலை அகலமும் குறைவு, ஆகவே 200 கிலோகூட உள்ளே போகாது. சாலையே பிளாஸ்டிக்கில் வரப்போகிறது என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான், என்ன செய்ய!

திருமண, காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர்களை மூட்டையாகக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்ததில் அவருக்குக் கோபம். ஃபிளெக்ஸ் பி.வி.சி. வகை. சூடானால் அமில வாயு கிளம்பும், தார் கலவையில் சேர்க்கவே கூடாது. பால் கவர், கேரி பேக் மாதிரியானவை மட்டுமே எடுத்தோம். இந்த முடிவில் கமிட்டிக்கு இன்றும் வருத்தம் இல்லை.

அப்புறம் ஒப்பந்தக்காரர். கல்லைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவினால், உருகி ஒவ்வொரு கல்லையும் போர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் தார். அப்போதுதான் கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் இறங்காது. இது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அவர், “நேரமாகுது சார், தார் கொப்பரையிலேயே கொட்டிக் கலக்கிடறேன்” என்றார். அப்படிச் செய்தால் பிளாஸ்டிக் தனியே பிரிந்து மேலே மிதக்கும். நாங்கள் மறுத்தோம். அவர் லாரியை நிறுத்தினார். தார் கலக்கும் ஆலையில் எங்கள் ஆட்கள் இருவர் நாள் முழுக்க நின்றார்கள். கல் பளபளவென்று வந்த பிறகே தார் ஊற்ற விட்டோம். காத்திருந்த லாரி வாடகை, கூடுதல் ஆள்கூலி என்று ரூ.18,000 அதிகம் கேட்டார். பேசி, பாதி கொடுத்தோம். “ஏன் கொடுத்தீர்கள்?” என்பவர்கள், பாதிச் சாலையில் வேலை நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கவும்.

நன்கொடை: முதல் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, மாவு மில்காரர், துபாயிலிருந்து பணம் அனுப்பிய மூன்றாம் தெருத் தம்பி, மகளிர் குழுவினர், பெயர் போட வேண்டாம் என்ற இருவர். மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்த துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனியாகக் கூலி கொடுத்தோம். அதையும் சிலர் கேட்டார்கள், எனவே எழுதுகிறோம்.

மீதி மூட்டைகள் மோட்டார் அறையில் அப்படியே இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் தராசோடு வரலாம். சாவி செயலாளரிடம். ரசீதுகள் ஞாயிறு காலை அலுவலகத்தில் பார்வைக்கு.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி