பின் சீட்டுக்கு அடியில் ஃபியூயல் பம்ப்

ஸ்கார்பரோ, டொரொண்டோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். வியாசர்பாடியில் தாங்களும் அம்மாவும் தம்பியும் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். மேட்டில் ஏறும்போது கார் திணறுகிறது என்று போனில் சொன்னபோது, "ஃபியூயல் பம்பைப் பார்" என்றீர்கள். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் அந்தப் பம்பில்தான் கோளாறு இருந்தது. புதியதை நானே மாற்றிவிட்டேன்.

இங்கே மெக்கானிக் கூலி மணிக்கு 100 டாலருக்கும் மேல் என்பதால், நல்ல வேலையில் இருப்பவர்கள்கூட வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்துப் போடுகிறார்கள்; யாரும் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டினால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை இரவலாகத் தருகிறார்கள். பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்கு மேல் நிற்க வேண்டிய முள் 30ஐக்கூடத் தொடவில்லை.

நம் ஷெட்டுக்கு வந்த அம்பாசிடர்களில் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். அதனுள் இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் அதை மாற்றினால் முடிந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு நாலைந்து பவுண்டு அழுத்தமே தாராளம். இந்தக் காரிலோ பம்ப் ஒரு மின்மோட்டார். டேங்கினுள் பெட்ரோலில் மூழ்கியே கிடந்து, அதனாலேயே சூடு தணிகிறது. பெட்ரோலுக்குள் கரண்டா என்று தாங்கள் அதட்டுவது காதில் விழுகிறது! காற்று கலக்காமல் பெட்ரோல் பற்றாது என்பது தாங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே.

வீட்டோடு ஒட்டிய கராஜில் கேஸ் அடுப்பு போல எரியும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும் என்பதால், குளிரானாலும் வண்டியை வெளியே தள்ளி வைத்துத்தான் தொடங்கினேன். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, குழாயில் இருந்த அழுத்தத்தைப் போக்கினேன். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கினேன். அடியிலிருந்த பம்பின் மூடியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைக்காமல் திறந்தால் எல்லாம் டேங்கில் விழும். பூட்டு வளையத்தை இரும்பால் தட்டாமல், மரக்கட்டை வைத்துத் தட்டித் திருப்பினேன். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கம்பி வளையாதபடி பம்பைச் சாய்த்து எடுத்தபோது, அடியிலிருந்த வடிகட்டி கறுத்துப் போயிருந்தது. பம்போடு அதையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டேன். ஃபியூஸையும் பேட்டரி கம்பியையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் சிலமுறை திருப்பி, அழுத்தம் ஏறியதும் கசிவில்லை என்று பார்த்த பின்பே எஞ்சினை ஓடவிட்டேன்.

தம்பி ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் மணலி வரை சவாரி போகிறானாம். பெட்ரோல் வற்றினால் பம்ப் சூடேறிக் கெட்டுவிடும். கால் டேங்காவது எப்போதும் வைத்திருக்கும்படி தாங்கள் சொன்னால்தான் கேட்பான்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்