ஆறுமணிக்குருவி வந்திருக்கு

எய்யா,

நல்லா இருக்கியா. நீ போன் எடுக்கலன்னு கோவிச்சு இத எழுதல, வேலை இருக்கும்னு தெரியும், நான் அனுப்புனதுக்கெல்லாம் நீலக் கோடு விழுந்துருது, சரி பாத்துட்டான், அதுவே போதும்னுதான் இருந்தேன். பதினோரு நாளாச்சு, அதான். போன்ல பேசினாலும் பாதியிலயே மீட்டிங்குன்னு வச்சிருவ, எனக்கும் கேக்க நெனச்சதெல்லாம் தொண்டைக்குள்ளயே நின்னுட்டு மழை பெஞ்சுது, மருந்தடிச்சேன்னு எதையாவது பேசி முடிச்சிருதேன். அதனால தங்கச்சி குடுத்த போன்ல ஒத்த வெரலால தட்டுதேன், மூணு நாளா தட்டுதேன், தப்பு இருந்தா கூட்டிப் படிச்சுக்கோ.

தீபாவளிக்கு ஊருல வழக்கம் போல வெடி இல்ல. தங்கச்சி பிள்ளைக ரெண்டும் வந்து நாலு கம்பி மத்தாப்பு கொளுத்திட்டு, ஏன் தாத்தா உங்க ஊருல மட்டும் இப்படின்னு மொகத்த தூக்கி வச்சிருந்துதுக. கொளத்துக்கு வார நாரைக்கு வெடிச் சத்தம் ஆவாதுன்னு சொன்னேன். இப்பத்தான் நாரையே இல்லையேன்னு சின்னவ கேக்கா, நீயும் அதே வயசுல அதே மாதிரிதான் கேட்ட. தை பொறந்துட்டா எல்லாம் வந்துரும், இமயமலையத் தாண்டி வாரதெல்லாம் நம்ம கொளத்துக்கு வழி தப்பாம வந்துருது.

உன் கூட வேலை பாக்க பையன் லீவுல வந்து நீ குடுத்துவிட்ட பையக் குடுத்துட்டுப் போனான். பால்பவுடர், பாதாம், கோடாலித் தைலம் எல்லாம் இருந்துது. இவ்வளவு எதுக்குய்யா, காச வீணாக்காத. நீ ராத்திரி நேரத்துக்கு சாப்பிடுதியா? பத்து மணிக்கு மேல புரோட்டாவத் தின்னுட்டு அப்படியே படுக்காத. அந்தப் பையன் கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுத்தான் போனான், அத அப்புறம் சொல்லுதேன்.

மொதல்ல குருவி விஷயம். புரட்டாசி கடைசியில ஒரு நாள் காலைல மாடியில தொப்புன்னு சத்தம். எவனாவது பந்து எறிஞ்சிட்டானோன்னு போயிப் பாத்தா உன் பெரிய கண்ணாடி ஜன்னலுக்குக் கீழ ஒரு ஆறுமணிக்குருவி கிடக்கு. முதுகு பச்சை, ரெக்கையில நீலம், வயித்துக்குக் கீழ குங்குமத்தக் கொட்டுன மாதிரி, கண்ணு ஓரத்துல மை போட்ட மாதிரி கருப்புக் கோடு, வாலு இருக்கா இல்லையான்னே தெரியாது. கையில எடுத்தா ஒரு கோழி முட்ட கனம்தான். அது மழைக்காலத்துல வடக்க இமயமலை அடிவாரம் வரைக்கும் போயி முட்டை வச்சு குஞ்சு பொரிச்சிட்டு, நம்ம பக்கம் மழை தொடங்குத நேரத்துல ராத்திரி ராத்திரியா பறந்து தெக்க வரும். அவ்வளவு தூரம் வந்துட்டு நம்ம வீட்டுக் கண்ணாடியில வேப்பமரம் தெரியுதுன்னு நம்பி வந்து முட்டியிருக்கு.

உன்னக் குத்தம் சொல்லல. நீ வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசுல போட்ட மாடி, பஞ்சாயத்துல இருந்து கூட வந்து பாத்துட்டுப் போனாங்க, எனக்கு அது எவ்வளவு பெரிய பெருமைன்னு உனக்குத் தெரியாது. ஆனா இவ்வளவு பெரிய கண்ணாடி வேணாம்னு அம்மா அப்பமே சொன்னா, நீதான் கேக்கல, நீ என்னைக்கு யார் சொல்லக் கேட்ட, ஒடம்பு விஷயத்துல கூட.

அந்தக் குருவி சாவல. கண்ணு முழிச்சு உள்ளங்கையில நிமிந்து உக்காந்துது, என்னையப் பாத்துது. சரி, பொழச்சிட்டுன்னு நெனச்சு அலகப் பிரிச்சு ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், கைப்பிடிச் சுவர்ல வச்சிட்டு காப்பி போடப் போயிட்டேன். அரை மணி நேரம் இருக்கும். வந்து பாத்தா ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, காலு விறைச்சிட்டு. ஒரு ரத்தம் இல்ல, காயம் இல்ல.

கொளத்துல காவல் பாக்க தம்பிகிட்ட சொன்னேன். மாமா, கண்ணாடியில அடிபட்டா உள்ளுக்குள்ள, தலையிலதான் ரத்தம் கசியும், பாக்க நல்லாத்தான் உக்காந்திருக்கும், அத நம்பி விட்டுறக் கூடாதுன்னான். வாயில தண்ணி விடவே கூடாதாம், மூச்சுக்கொழலுக்குள்ள போயிருமாம். ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, அடியில துணி விரிச்சு, இருட்டா, சத்தம் இல்லாம வைக்கணும், அப்பவும் தெளியலன்னா மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு போவணும்னு சொன்னான். பாக்க நல்லாத்தான் உக்காந்திருக்கும்னு அவன் சொன்னது எனக்கு அன்னைக்கு ராத்திரி முச்சூடும் தூக்கம் இல்லாம ஆக்கிட்டு.

உனக்கு அந்தக் கூழக்கடா குஞ்சு ஞாவகம் இருக்கா, சித்திரக் காத்துல கூட்டோட விழுந்துதே. அம்மா மீன்காரி கிட்ட கடனுக்கு சாளை வாங்கி ஊட்டுனா. சாயங்காலம் ஆறு மீன் தின்னுட்டு உன் டவுசரப் புடிச்சு இழுத்துது, விடிஞ்சு பாத்தா போயிட்டு. நீ ரெண்டு நாளு பள்ளிக்கூடம் போவல. நேத்து தின்னுச்சே, நேத்து நல்லாத்தான இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்த. நான் உன்ன அடிச்சேன், பறவைக்குப் போயி ஆம்பளப் பிள்ளை அழுவியான்னு. அத நீ மறந்திருப்ப. அம்மா அதுக்காக என் கூட ஒரு வாரம் பேசல.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வாரேன். அவன திட்டாத, அவனா சொல்லல, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். போன மாசம் சைட்டுல படி ஏறும்போது நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டியாம். ஏசிக்குள்ள போயும் வேர்த்து ஊத்துச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னதுக்கு வயித்துல கேஸ்தான்னு சொல்லி ஒரு சோடா குடிச்சிட்டு மறுபடியும் வேலைக்குப் போயிட்டியாம். பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு மருமககிட்ட பையக் கேட்டுப் பாத்தேன், அவ்வ நல்லாத்தான இருக்காவ மாமான்னு சொல்லுதா, அவளுக்கும் நீ சொல்லல. நான் எதையும் காட்டிக்கிடல.

கேஸ்னு மட்டும் சொல்லாத எய்யா. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத.

நான் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா சொல்லல, உங்கிட்டயும் இல்ல, தங்கச்சிகிட்டயும் இல்ல. அம்மா தூக்கத்துலயே போயிட்டா, ஒரு நிமிஷம் கஷ்டப்படலன்னு உனக்குச் சொன்னேன்ல, நீ ஏர்போர்ட்ல இருந்து அழும்போது அதச் சொல்லித்தான் உன்னத் தேத்துனேன். ஊரும் குடுத்து வச்ச சாவுன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்படி இல்லய்யா. ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன எழுப்புனா. ஏங்க, தாடை இழுக்கு, முதுகுல ஆரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குன்னா. வாந்தி வாரது போல இருக்குன்னா. நான், ராத்திரி நீ மொச்சைக் கொழம்பு தின்னல்லா, கேஸ்தான்னு சொன்னேன். ஓமத்தண்ணி எடுத்துக் குடின்னு சொன்னேன், எந்திரிச்சுக் கூட குடுக்கல. அவளே எடுத்துக் குடிச்சா. அப்புறம் மூணு மணி இருக்கும், கட்டில்ல உக்காந்துக்கிட்டு மறுபடியும் ஏங்கன்னு கூப்பிட்டா. படு, விடிஞ்சதும் போவலாம்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவ நிமிந்து உக்காந்திருந்தா, பேசினா, அதனால ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். காலைல கொல்லையில ஆறுமணிக்குருவி விசிலடிக்கு, அடுப்படியில சத்தம் இல்ல. அப்பத்தான் பாத்தேன்.

அவளுக்கு பன்னெண்டு வருஷமா சக்கரை. பொம்பளைகளுக்கும் சக்கரை உள்ளவங்களுக்கும் சில நேரம் நெஞ்சு வலியே இல்லாம தாடை, முதுகு, வாந்தின்னு வரும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. 2023 ஜூன்லதான் கவர்மெண்டுல இதயம் காப்போம்னு ஒரு திட்டம் கொண்டு வந்திருக்காங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 14 மாத்திரை வச்சிருக்காங்க, மாரடைப்புன்னு தெரிஞ்சா அத முழுங்க வச்சுத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புதாங்க. அம்மா போனது அந்த ஐப்பசியில. வாசல்ல பைக் நின்னுது. 108க்கு அடிக்க தலமாட்டுல போன் கிடந்துது. எனக்கு தூக்கம் பெருசாப் போச்சு. போயிருந்தா பொழச்சிருப்பாளான்னு டாக்டர்கிட்ட கேக்க எனக்கு இன்னும் தைரியம் வரல.

இத உங்கிட்ட சொன்னா நீ என் கூட பேச மாட்டன்னுதான் சொல்லல. இப்பமே நீ பேசாமத்தான இருக்க. நீ எவ்வளவு வேணாலும் ஏசு, கேட்டுக்கிடுதேன்.

ஆனா ஒரு ஈசிஜி எடு. ஈசிஜி சரியா இருக்குன்னு சொன்னாலும் விட்டுறாத, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளு, அம்மா விஷயத்தையும் அவர்கிட்ட சொல்லு. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குன்னு நீதான சொன்ன. முப்பத்தாறு வயசுல வராதுன்னு நெனைக்காத, நம்ம ஆளுகளுக்கு வெள்ளக்காரங்கள விட அஞ்சு பத்து வருஷம் முந்தியே வருதுன்னு அந்த டாக்டரே சொன்னாரு. அந்த சிகரெட்டு, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்க, நீ காலேஜ் படிக்கும்போதே தெரியும். லீவு குடுக்கலன்னா வேலையே வேணாம், வந்துரு, வயல் இருக்கு, நான் இருக்கேன். வீட்டு லோன நெனைச்சு ஒடம்ப மறைக்காத.

போன செவ்வாக்கெழம இன்னொரு குருவி முட்டிச்சு. இந்தத் தடவ நான் தண்ணி கிண்ணி எதுவும் விடல. உன் செருப்பு வந்த டப்பாவுல ஓட்டை போட்டு அம்மாவோட பழைய சேலையக் கிழிச்சு விரிச்சு உள்ள வச்சு மூடி, பக்கத்துலயே உக்காந்துட்டேன். வயலுக்குப் போவல, காப்பி குடிக்கல. ஒரு மணி நேரம் சத்தமே இல்ல, செத்துட்டுன்னே நெனச்சேன், தொறந்து பாக்கவும் பயமா இருந்துது. ரெண்டு மணி நேரம் கழிச்சு உள்ள சுரண்டுத சத்தம் கேட்டுது. கொல்லைக்குக் கொண்டு போயி மூடியத் தொறந்தேன், கொஞ்ச நேரம் டப்பா ஓரத்துல நின்னுட்டு விருட்டுன்னு முருங்கைக்கு அந்தப் பக்கம் போயிட்டு. நான் அங்கனயே உக்காந்து அழுதேன். யாரும் பாக்கல.

மறுநாளு ஏணி போட்டு ஏறி, ஜன்னல் வெளிப்பக்கம் பூரா ரெண்டு வெரக்கடைக்கு ஒரு கோடா சுண்ணாம்புல இழுத்துட்டேன். இப்ப ஒண்ணும் வந்து முட்டல. மழை பெஞ்சா அழிஞ்சிருது, திரும்பவும் இழுக்கேன். கண்ணாடி பாக்க சகிக்கல, நீ ஆசையா போட்டது, வந்து நீயே அழகா ஏதாச்சும் ஒட்டிக் குடு.

ஈசிஜி எடுத்த பேப்பர போட்டோ எடுத்து அனுப்பு, எனக்குப் புரியலன்னாலும் நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கிடுதேன். அங்க விடியுததுக்கு முன்னாலயே இங்க விடிஞ்சிரும், நான் ஆறு மணிக்கெல்லாம் கொல்லையிலதான் இருப்பேன். எந்த நேரம்னாலும் அடி. ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பேன்.

அப்பா