‘முடியாது’ என்று எழுதிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், கணினியின் ஒலியை ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் ஒரே நேரத்தில் கேட்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். “முடியாது, ஒரு நேரத்தில் ஒரு கருவிதான்” என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் தைப்பூசத்திலிருந்து அது நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கானாடுகாத்தானில். என் கணவருக்கு வயது 78. காது மந்தமாகி ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. காதுக் கருவியை மாட்டினால் தலைக்குள் வண்டு குடைகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். மகன் வாங்கி அனுப்பிய புளூடூத் ஹெட்போன் மட்டும்தான் அவருக்கு ஒத்துக்கொண்டது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வீடியோவில் அழைப்பான். 1859-இல் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதால், நாங்கள் காலைப் பலகாரம் முடிக்கும் முன்பே அங்கே வெயில் ஏறியிருக்கும். வீட்டின் உள்முற்றமான வளவில் கணினியை வைத்துப் பங்காளி வீட்டார் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

ஹெட்போனை இணைத்த கணமே ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அவருக்குக் கேட்டால் எங்களுக்குக் கேட்காது, எங்களுக்குக் கேட்டால் அவருக்குக் கேட்காது. மூன்று தைப்பூசம் இப்படியே போயிற்று. சிறிது நேரம் போட்டுக் கேட்பார், பிறகு “நீங்கள் கேளுங்கள்” என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். காவடி ஆடுவது தெரியும். மேளம் எட்டாது.

காரைக்குடியில் ஒரு கடையில் விசாரித்தோம். ஒரு துளையை இரண்டாக்கும் பின் ஒன்றை 150 ரூபாய்க்குக் கொடுத்து, “இதைச் செருகினால் போதும்” என்றார்கள். பின் மீது குற்றமில்லை. வயர் வைத்த இரண்டு கருவிகளுக்கு அது சரியாகத்தான் வேலை செய்யும், ஒரே மின்சைகை இரண்டாகப் பிரிவதால் ஒலி முன்பின்னாகவும் வராது. ஆனால் எங்களுடையது வயரே இல்லாத ஹெட்போன் என்று சொல்லித்தான் வாங்கினோம். கடைக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செவிடு யாருக்கென்று அன்று எனக்கே ஐயம் வந்தது.

வழி காட்டியது அடுத்த தெருவில் பொறியியல் படிக்கும் பையன். “ஆச்சி, வழி உள்ளேயே இருக்கிறது, முடக்கி வைத்திருக்கிறார்கள்” என்றான். எங்களுடையது விண்டோஸ் கணினி. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் ரெக்கார்டிங் பகுதி. காலியான இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, முடக்கிய கருவிகளையும் காட்டச் சொன்னால் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்று ஒன்று தலைகாட்டும். கணினி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒலியை அப்படியே பிடித்துத் தரும் வாய்க்கால் அது. அதை இயக்கி, அதன் ‘லிசன்’ பக்கத்தில் உள்ள கட்டத்தைத் தேர்ந்து, கீழே ஹெட்போனின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல் ஹெட்போனுக்கும் ஓடும். இரண்டுக்கும் சத்த அளவைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கூட்டினால் எங்கள் காது கிழிய வேண்டியதில்லை.

எடுத்த எடுப்பில் எல்லாம் கூடிவந்துவிடவில்லை. மகனை அழைத்துப் பார்த்தபோது, “அம்மா, நான் பேசுவது எனக்கே திரும்பி வருகிறது” என்றான். கை தவறி ஸ்டீரியோ மிக்ஸையே மைக்காகக் கொடுத்திருந்தோம். அவன் குரலைப் பிடித்து அவனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது கணினி. மைக்கை ஹெட்போனுடையதாக மாற்றியதும் அது தீர்ந்தது. அடுத்து இவர், “பழைய டிரங்க் கால் மாதிரி இருக்கிறதே” என்று முகத்தைச் சுளித்தார். புளூடூத் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தினால் அது டெலிபோன் முறைக்கு மாறி, ஒலியின் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. மைக்குக்குக் கணினியில் உள்ளதையே கொடுத்த பிறகுதான் நாதஸ்வரம் நாதஸ்வரமாக வந்தது. தைப்பூசத்தன்று முதன்முறையாக எல்லாரோடும் சேர்ந்து அவரும் “அரோகரா” என்றார். ஹெட்போன் போட்டிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். முகப்பில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

ஆசை அதோடு நிற்குமா? வர முடியாத உறவினர்களுக்காக அந்த அழைப்பின் பதிவை மறுபடி ஓட்டியபோது, ஹெட்போனுக்குப் பதில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரைக் கொடுத்து, அடுப்படியில் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று இரண்டாங்கட்டில் வைத்தேன். இரண்டு கட்டுக்கும் நடுவில் நிலைப்படியில் நின்று கேட்டால் ஒவ்வொரு அரோகராவும் இரண்டு முறை விழுந்தது. புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துத் தருவதற்குள் ஐந்தில் ஒரு விநாடி வரை பிந்திவிடும். 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். எதிரொலி தனியாகக் கேட்கப் பத்தில் ஒரு விநாடி இடைவெளி வேண்டும், சுவர் 17 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வெளுத்தவள். ஐந்தில் ஒரு விநாடி என்றால் சுவர் 34 மீட்டர் தள்ளி நிற்பதாகக் கணக்கு. போதாக்குறைக்கு எங்கள் வளவுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்தது, தரையோ ஆத்தங்குடிக் கல். ஒலியை விழுங்க ஒரு துணிகூடக் கிடையாது. ஆகவே ஸ்பீக்கரும் ஹெட்போனும் என்றால் தாராளமாகச் செய்யலாம், காதை மூடியிருப்பவருக்கு இரண்டாவது ஒலி எட்டாது. பேசுபவரின் உதடு மட்டும் சற்று முந்தி அசையும். இரண்டு ஸ்பீக்கர் என்றால் இரண்டையும் வயரிலேயே இணைப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் நேரம் போகப் போகத்தான் தெரியும். ஒவ்வொரு ஒலிக் கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. விநாடிக்கு 48,000 துளி ஒலியை அதுதான் எண்ணிக் கொடுக்கிறது. இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. லட்சத்தில் 5 பங்கு வேறுபட்டாலும், திருத்துவார் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். மகனிடம் இருப்பது ஆப்பிளின் மேக் கணினி. அதில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற இடத்தில் பல கருவிகளை ஒன்றாகக் கட்டலாம், இந்த விலகலைத் திருத்தவும் ஒரு கட்டம் உண்டு. இரண்டு நிமிடத்தில் செய்து காட்டிப் பெருமை அடித்துக்கொண்டான். கட்டிய பிறகு விசைப்பலகையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை என்பதை மட்டும் மருமகள்தான் சொன்னாள். லினக்ஸிலும் கருவிகளை இணைக்கும் வசதி இருக்கிறது.

2022-இல் புளூடூத் அமைப்பு ‘ஆராகாஸ்ட்’ என்ற முறையை அறிவித்தது. ஒரே கருவியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வானொலிபோலக் கேட்கலாம், காதுக் கருவியிலும் கேட்கலாம். ஆனால் அனுப்புவது, கேட்பது இரண்டுமே அந்த முறைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். எங்கள் பழைய கணினிக்கு அது ஆகாது. புதிதாக வாங்குகிறவர்கள், வீட்டில் காது மந்தமானவர் இருந்தால், கடையில் நிறத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். கேட்ட வாசகர் வேடிக்கைக்குக் கேட்டிருக்க மாட்டார். ஸ்டீரியோ மிக்ஸ் எல்லாக் கணினியிலும் இருக்காது, இல்லாதவர்கள் ‘வாய்ஸ்மீட்டர்’ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஹெட்போன் இணைந்ததும் கணினி தானாக அதற்குத் தாவிவிடும், அதனால் முதன்மைக் கருவியாக ஸ்பீக்கரைத் திரும்பவும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தெரியாமல் நானும் அந்தப் பையனும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம், அவன் மூன்று முறை காபி குடித்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கானாடுகாத்தான்.